பத்திலிருந்து நாலு வரை: ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது?

நான் ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம் அது. காலை பத்தே முக்காலுக்குக் கையில் டீ டம்ளரோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். 34 வருஷமாக அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கும், ஆசிரியர் அறைக்கு டீ வரும். இப்போது மணி இல்லை. ஆனாலும் உடம்பு தன்பாட்டுக்கு எழுந்து போய் டீ போட்டுவிட்டது. எனக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், அன்றைய பேப்பரை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், பெல் அடிச்சிடுச்சா?" என்றார். சிரித்துவிட்டேன். அடுத்த பெல் பன்னிரண்டரைக்குத்தான், அதுவரை யாரும் என்னை எதற்கும் தேடப்போவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த மாதமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "மாயவரத்துல தனியா என்னம்மா பண்ணப்போறீங்க, இங்க வந்துடுங்க" என்று சென்னை மேடவாக்கத்திலிருந்து மகன். "நாங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, ராஜா மாதிரி இருக்கோம்" என்று கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பில் சேர்ந்துவிட்ட வங்கி நண்பர். சிங்கப்பூரிலிருந்து மகள், "எங்கே வேணா இருங்க, ஆனா தனியா வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டாள்.

வங்கிக்காரர் இல்லையா, இவர் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். சொந்த ஊர், மகன் வீடு, கோயம்புத்தூர் என்று மூன்று வரிசை. மேலே தலைப்புகள்: மாதச் செலவு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பாதுகாப்பு, அவசரத்துக்கு யார். நல்ல பட்டியல்தான். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது. எல்லாக் கட்டமும் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இருந்தது. நெஞ்சு வலி வருஷத்துக்கு ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். செவ்வாய்க்கிழமை வாராவாரம் வருகிறது. ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை எப்படிப் போகும்? அதற்குக் கட்டமே இல்லை.

அதனால் கடைசியில் நான் ஒரு கட்டம் சேர்த்தேன்: "10 - 4". அதற்குள் இரண்டே கேள்வி. கடமைக்காக இல்லாமல் என்னோடு யார் பேசுவார்கள்? என்னிடமிருந்து யாருக்கு என்ன வேண்டியிருக்கும்? இது வெறும் டீச்சர் புத்தி என்று இவர் கிண்டல் செய்ததால் ஆதாரமும் காட்டினேன். 2010இல் 148 ஆய்வுகளை, மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மனித உறவுகள் வலுவாக இருப்பவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிகரெட்டை விடுவதால் கிடைக்கும் பலனோடு வைத்துப் பேசக்கூடிய அளவு. இவர் ஒன்றும் பேசாமல் கோடு போட்டுக் கொடுத்தார்.

இனி ஒவ்வொன்றாக.

சொந்த ஊர்

மயிலாடுதுறையில் நான் "டீச்சர்". ரேஷன் கடையில் பில் போடுகிற பையன் என் மாணவன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற பெண் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். "டீச்சர், கையை இறுக்கிப் பிடிங்க" என்று இப்போது அவள் என்னை அதட்டுகிறாள். மணிக்கூண்டு வரை போய்வந்தால் நாலு பேர் நின்று பேசுவார்கள். இதற்குப் பெரிய மதிப்பு உண்டென்று ஊரில் இருக்கிறவரை தெரியவே தெரியாது. சென்னையில் மகன் வீட்டில் 70 நாள் இருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

சொந்த வீடு ஓயாமல் வேலை வைக்கிற வீடு. தேங்காய் பறிக்க ஆள் பார்க்க வேண்டும், மோட்டாரில் காற்று அடைத்துக்கொள்ளும், கொல்லைக் கதவின் கொண்டி விழுந்துவிடும். பிள்ளைகள் இதையெல்லாம் தொல்லைக் கணக்கில் எழுதுகிறார்கள். நான் மாற்றி எழுதுவேன். எலக்ட்ரீஷியன் வருவதாகச் சொன்ன நாளில் இவர் காலையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருக்கிறார். அவரோடு ஒரு மணி நேரம் அரசியல் பேசுகிறார். பதினோரு மணிக்குத் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன்காரம்மா வருவார். சங்கராவா, வஞ்சிரமா, என்ன விலை என்று பேரம் பேசி, அரிந்து வாங்கி, அலசி முடித்தால் பன்னிரண்டு. ஐப்பசிக் கடைமுகத்துக்கு வெளியூர்ச் சொந்தமெல்லாம் துலாக் கட்டத்தில் முழுகிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வரும். அந்த இரண்டு நாள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு நாளை மூன்று மாதத்துக்குப் பேசிக்கொண்டிருப்போம்.

சரி, மறுபக்கம். எங்கள் தெருவில் 14 வீடுகள். அதில் 5 வீடுகளில் பூட்டு தொங்குகிறது. இரண்டு வீடுகளில் ஒருவர் மட்டும் இருக்கிறார்கள். ஊர் அப்படியே இருக்கிறது என்று நினைத்து இங்கே தங்க முடிவெடுப்பவர்கள், உங்கள் தெருவில் ராத்திரி எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நம் மனசில் இருக்கிற ஊர் வேறு, இன்றைக்கு இருக்கிற ஊர் வேறு.

மருத்துவமும் அப்படித்தான். 2020 டிசம்பரில் மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டாலும், இதயத்தில் பெரிய கோளாறு என்றால் இன்னும் 70 கிலோமீட்டர் தாண்டித் தஞ்சாவூருக்குத்தான் ஓடுகிறோம். தினசரி வைத்தியத்துக்குக் குறையில்லை. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு மாத்திரையைவிட அதைக் கொண்டுவரும் பெண்தான் முக்கியம். அவளுக்காகவே முறுக்கு எடுத்து வைத்திருப்பார்.

இந்த வழியில் உண்மையான ஆபத்து குளியலறையிலும், இருவரில் ஒருவர் இல்லாமல் போகும் நாளிலும் இருக்கிறது. குளியலறைக்கு வழி உண்டு: வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு, உள்ளே தாழ் போடாத பழக்கம், மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டில். இரண்டாவதற்கு எந்தக் கொத்தனாரையும் கூப்பிட முடியாது. எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா, கணவர் போன பிறகு நாலு அறை வீட்டில் கூடத்தில் மட்டும் விளக்கு போட்டுக்கொண்டு இருக்கிறார். அவர் இங்கேயே இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. யாரும் எதுவும் முடிவு செய்யாததால் இருக்கிறார். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

மகன் வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மருமகள் நல்ல பெண். பிரச்சினை என்றாலே மருமகள் என்று எழுதுவது எனக்கு ஒத்துவராது. பிரச்சினை மிக்சியில் இருந்தது.

மகனுக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. விடிகாலை மூன்று மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழுந்திருப்பான். நான் ஐந்தரைக்கு எழுந்து டிகாஷன் இறக்குகிறவள். சட்னி அரைக்க வேண்டுமென்றால் மிக்சி போட வேண்டும். போட்டால் பிள்ளை எழுந்துவிடுவான். அதனால் ஆறு மணி முதல் பத்து மணி வரை திருட்டுப் பூனை மாதிரி நடந்தேன். குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்தேன். ஒருநாள் புளி டப்பாவை எங்கள் வீட்டில் வைப்பதுபோல அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அது மேல் அலமாரிக்குப் போயிருந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறியது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மருமகள், "அத்தை, நீங்க எதுக்கு கஷ்டப்படுறீங்க, ரெஸ்ட் எடுங்க" என்றாள். அன்போடுதான் சொன்னாள். 34 வருஷம் 40 பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்கு அந்த "ரெஸ்ட்" என்ற சொல் எங்கேயோ போய்க் குத்தியது.

பத்து முதல் நாலு வரை? மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் இருப்பான், மருமகள் அலுவலகத்தில். பேத்தியின் பள்ளி வேன் 3:40க்கு வரும். அந்த 3:40க்காக முழு நாளும் காத்திருந்தேன் என்றால் மிகையில்லை. வேனிலிருந்து இறங்கியதும் "அப்பாயி" என்று ஓடிவந்து பையை என் தோளில் மாட்டிவிடுவாள். அதிலிருந்து ஆறு மணி வரை என் நாளிலேயே மிக நல்ல நேரம். ஊரில் அப்படி ஒரு இரண்டு மணி நேரம் கிடைக்காது. அதையும் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

நகரத்தில் வேறு வசதிகளும் உண்டு. மாநகரப் பேருந்தில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை; 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே கிடையாதே. கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். மருத்துவம் என்ற கட்டத்தில் சென்னைக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அங்கே என் பெயர் "4பி ஆன்ட்டி". இவர் பாடு இன்னும் மோசம். ஊரில் பதினோரு மணிக்கு ஓய்வூதியர் சங்கத்துக்குப் போவார். இங்கே செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர். எல்லோரும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தவர்கள், எல்லோர் கையிலும் போன். "நீங்க எந்த ஃப்ளோர்?" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர ஒரு மாதம் ஆனது.

மகன் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் போவதற்கு முன்பே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் மாதம் செய்வது உதவி. மூன்றாம் மாதம் அதுவே வேலையாகிவிடும். பேத்தியைப் பார்த்துக்கொள்வதில் எந்த நேரம் உங்களுடையது, எந்த நேரம் உங்களுடையது இல்லை, கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே பேசினால் சங்கடம், பிறகு பேசினால் சண்டை. சங்கடமே மேல்.

இன்னொன்று, பென்ஷன் கணக்கின் ஏடிஎம் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டை எழுதிக்கொடுப்பதில் அவசரம் வேண்டாம். பாசத்தில் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கிற பெற்றோர் நிறைய. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க இடம் தருகிறது. ஆனால் "கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, முதியோருக்கு உதவும் விதமாகச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. எப்படியானாலும், எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நல்ல பிள்ளைக்கு அதில் கோபம் வராது.

சிங்கப்பூர் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. மகளைப் பார்க்கப் போவோம், வருவோம். வருகை அனுமதியில் போய் இருப்பதைக் குடியிருப்பு என்று சொல்ல முடியாது. உடம்புக்கு வந்தால் ஆகும் செலவை நினைத்தாலே உடம்புக்கு வந்துவிடும்.

கோயம்புத்தூர்

முதியோர் குடியிருப்பு என்றதும் முதியோர் இல்லம் நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒன்றல்ல. கோவையைச் சுற்றிக் கடந்த இருபது வருஷத்தில் இவை பெருகியிருக்கின்றன. தனித்தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக் கூடம், நர்ஸ், கூப்பிட ஒரு பொத்தான், ஆம்புலன்ஸ். பெரும்பாலும் நல்ல பென்ஷன் வாங்குகிறவர்களும், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களும்.

நண்பர் இருக்கும் இடத்தில் நாங்கள் 14 நாள் விருந்தினராகக் காசு கட்டித் தங்கினோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். இரண்டு நாள் போதாது. இரண்டு நாளில் எல்லா இடமும் ஹோட்டல் மாதிரிதான் இருக்கும்.

முதல் வாரம் எனக்குச் சொர்க்கம். காலையில் "இன்னிக்கு என்ன சமையல்" என்ற கேள்வி இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அடுப்பிலிருந்து பெண்களுக்கு யாரும் ஓய்வு ஆணை தருவதில்லை. அந்த 14 நாள் அது கிடைத்தது. இரண்டாவது வாரம் பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அந்த ரசத்தைப் பார்த்து எனக்குக் கை பரபரத்தது. கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டிருக்கலாம். ஆனால் சமையல்கூடத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை. அப்புறம், மீன் கிடையாது, முட்டைகூடக் கிடையாது. நாங்கள் பார்த்த மூன்று இடங்களிலும் சைவம் மட்டும்தான். இதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். தரங்கம்பாடி மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது பெருமையா என்று அவர்கள் கேட்பதில்லை.

இவருக்கோ அங்கே மூன்றாம் நாளே சிறகு முளைத்துவிட்டது. வங்கிக்காரர்கள் மட்டும் நாலு பேர். பத்து மணிக்கு கேரம், பதினொன்றுக்குக் காபி, அப்புறம் டெபாசிட் வட்டி பற்றிய விவாதம். மத்தியானத் தூக்கம், நாலரைக்கு நடை. என் "10 - 4" கட்டத்தை வைத்து மதிப்பெண் போட்டால் இவர் கணக்கில் கோவைக்கு 90. இரண்டு வருஷமாக இவர் இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை.

எனக்கு அங்கே இடறியது வேறு. 14 நாளில் ஒரு குழந்தையின் அழுகுரல்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் நம் வயது, பேச்சு முக்கால்வாசி முட்டி, சர்க்கரை, பிள்ளைகளின் விசா. ஒரு ராத்திரி ஆம்புலன்ஸ் வந்து போனது. காலையில் சாப்பாட்டுக் கூடத்து வெள்ளைப் பலகையில் ஒரு பெயரும், மாலை பிரார்த்தனை நேரமும் எழுதியிருந்தது. அதன் கீழேயே மதிய மெனு. பழகியவர்கள் படித்துவிட்டு இட்லிக்குப் போனார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவேளை அதுதான் பக்குவமோ என்னவோ. எனக்கு இட்லி இறங்கவில்லை. அங்கே என் பெயர் "ஏ 27 மேடம்".

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்த்த இடத்தில் டெபாசிட் போக, இருவருக்குச் சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 46,000 ரூபாய் சொன்னார்கள். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500 வரும். முழு 30 லட்சம் வைத்திருப்பவருக்கே பாதிக்கும் குறைவாகத்தான் கட்டுப்படியாகிறது. கட்டணமோ வருஷத்துக்கு வருஷம் ஏறும். நல்ல பென்ஷன் இல்லாமல் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியதை இவர் நோட்டில் குறித்திருந்தார். டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்? இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் சின்ன வீட்டுக்கு மாறலாமா? படுத்த படுக்கையானாலோ மறதி நோய் வந்தாலோ இங்கேயே பார்ப்பார்களா, வெளியே போகச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ஒரு இடத்தில் நேரான பதிலே வரவில்லை. "அப்போ பார்த்துக்கலாம் சார்" என்றார்கள். அந்த இடத்தை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். இன்னொன்று, மேலாளர் கூடவே சுற்றிக் காட்டும்போது கேட்பது வீண். ஐந்து வருஷமாக அங்கே இருக்கும் ஒருவரைப் பிடித்து, சாயங்கால நடையில் தனியாகக் கேளுங்கள்.

கூப்பிடு தூரம்

நோட்டில் இல்லாத நாலாவது வழியைச் சொன்னது என் தங்கை. மகன் இருக்கும் பகுதியிலேயே வாடகைக்குத் தரைத்தளத்தில் சின்ன வீடு. தனி அடுப்பு, தனி மிக்சி, புளி டப்பா இருந்த இடத்தில் இருக்கும், பேத்தி நாலு மணிக்கு நம் வீட்டுக்கு வருவாள். கேட்டதும் இதுதான் என்று தோன்றியது. பிள்ளை இருக்கும் ஊரிலேயே ஏற்கெனவே வாழ்ந்து பழகியவர்களுக்கு, மற்ற மூன்றையும்விட இதுவே மேல் என்று இப்போதும் நினைக்கிறேன். எங்களுக்கு அது பாதி வைத்தியம்தான். காலையும் மாலையும் நன்றாக இருக்கும். பத்திலிருந்து நாலு வரை யாரும் "டீச்சர்" என்று கூப்பிடாத ஒரு தெருவில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிள்ளைக்கு வேலை பெங்களூருக்கு மாறினால் கதை முடிந்தது.

இடம் மாறியும் தீராதது

இந்த ஒப்பீட்டையே கொஞ்சம் நிறுத்திவைத்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம் இவருக்கு விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். சாப்பாடு ருசிக்கவில்லை என்பார், கால் வலி என்பார், வெளியே கூப்பிட்டால் "எதுக்கு?" என்பார். ஊர்தான் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். சென்னைக்குப் போனோம், அங்கேயும் மூன்று மணி. ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்து முடித்த பிறகு ஒரு மருத்துவர்தான் இவரைத் தனியாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். மனச்சோர்வு என்றார். மாத்திரை, தினமும் நடை, கூடவே காதுக்குக் கருவி. காது சரியாகக் கேட்காததால்தான் சங்கக் கூட்டத்தில் பேசுவதையே நிறுத்தியிருக்கிறார், எனக்கே தெரியவில்லை. தேறி வர ஆறு மாதம் ஆனது.

2017-18இல் நாடு முழுக்க நடந்த முதுமை ஆய்வில், 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மருத்துவர் அதைக் கண்டு சொல்லியிருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் "வயசானா அப்படித்தான்" கணக்கில் போய்விடுகிறார்கள். அந்தப் பேச்சை மாற்றும் வேலை தொடங்கியதே நம் ஊரில்தான். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஒட்டாமல் இருந்தால், வீடு மாற்றுவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. சட்டம், பென்ஷன், வீட்டில் தொந்தரவு என்று எதுவானாலும் முதியோர் உதவி எண் 14567. மனம் சரியில்லாத மாதத்தில் வீட்டை விற்பது, ஊரை மாற்றுவது மாதிரி பெரிய முடிவெதுவும் எடுக்கக் கூடாது என்று அந்த மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

நாங்கள் எடுத்த முடிவு

இப்போதைக்கு மயிலாடுதுறை. மாடியை ஒரு இளம் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கேட்டதைவிட ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தேன், காரணம் அவர்களுக்கு நாலு வயதில் ஒரு வாண்டு இருக்கிறான். ராத்திரி மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறது. அதுவே ஒரு தைரியம். வாரத்தில் மூன்று நாள் பதினோரு மணிக்கு, பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு மறுபடி எழுதுகிற ஆறு பெண்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். காசு வாங்குவதில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மேடவாக்கம். பேத்திக்கு லீவு, அதனால் பத்து முதல் நாலு வரையும் அவள்தான். மிக்சிக்கு பதிலாக ஒரு சின்ன அம்மிக்கல் வாங்கிக்கொண்டு போனேன், மருமகளே அதில் துவையல் அரைக்கக் கற்றுக்கொண்டாள். குளியலறையில் கைப்பிடி மாட்டியாகிவிட்டது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று இவர் அதில் துண்டு காயப்போடுகிறார். எனக்கு 70 ஆகும்போதோ, ஒருவர் தனியாகும்போதோ, எது முன்னே வருகிறதோ அப்போது நோட்டை மறுபடி திறப்பது என்று பிள்ளைகள் முன்னால் பேசி வைத்திருக்கிறோம். தனியாவது நானாக இருந்தால் என்ன விருப்பம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். இவர் இன்னும் எழுதவில்லை.

போன மாதம் நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. "10 - 4" என்று ஒரே ஒரு கட்டம் போட்டு, அதில் என் மதிப்பெண்களை மட்டும் எழுதியிருக்கிறேன். ஊருக்கு 80, சென்னைக்கு 40, கோவைக்கு 35. இவருக்கென்று கட்டமே இல்லை. கோவையில் கேரம் போர்டுக்கு முன்னால் சிரித்த மனிதரை, நான் "டீச்சர்" என்று கூப்பிடப்படுகிற ஊருக்குத் திருப்பி அழைத்து வந்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே இடம் சரியாக இருக்கும் என்று எதை வைத்து நினைத்தேன் என்று தெரியவில்லை.

பென்சிலை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். அடுத்த வாரம், மதிய ஜன் சதாப்தியில் இவரைத் தனியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தேன், மூன்று வாரத்துக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை விட்டுவிட்டு இவ்வளவு நாள் போவது இதுதான் முதல் தடவை. மாத்திரை டப்பா, காதுக் கருவிக்குப் பேட்டரி, நண்பர்களுக்கு ஒரு டப்பா கருவாட்டுப் பொடி. சைவக் குடியிருப்புக்குள் அதை எப்படிக் கொண்டுபோவார் என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

அவருடைய பாதிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வந்ததும் அவரையே மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும்.